அதிர்வு தாங்கி

இனிமேல் மனைவியைத் தர்க்கத்தால்தான் வெல்வது என்று பொறியாளர் முடிவெடுத்தது ஒரு ஞாயிறு காலை, எடை பார்க்கும் கருவியின் முன்னால். அதற்கு முந்திய பதினான்கு வருடங்களில் கெஞ்சல், மௌனம், தலைவலி ஆகிய மூன்றையும் முயன்றுவிட்டார். ஒன்றும் எடுபடவில்லை.

கருவியின் மேல் இருந்தது அவருடைய வேலைப் பை.

"ஒன்பது கிலோ நானூறு," என்றாள் மனைவி. அவள் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். ஒரு மாத்திரை அட்டை இடம் மாறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். "முதுகு வலிக்குதுன்னு தினமும் தைலம் தேய்ச்சுவிடச் சொல்றது யாரு?"

"எஞ்சினியர் பைன்னா அப்படித்தான் இருக்கும்."

"எஞ்சினியர் பையா, கொல்லன் பட்டறையா? கொண்டாங்க இங்கே. பாதியை நானே பார்த்து எடுத்துடறேன்."

அவள் பார்ப்பதென்றால் அடிமட்டம் வரை பார்ப்பாள். அடிமட்டத்தில் ஒரு காற்றுத் தலையணை இருந்தது.

ஊரின் மேல்நிலை நீர்த்தொட்டிகளில் ஏறி விரிசல் பார்ப்பது அவர் உத்தியோகம். மதியம் சாப்பிட்டு முடித்ததும் தொட்டியின் உச்சியில் அந்தத் தலையணையை ஊதி வைத்து, நாற்பது நிமிடம் மல்லாந்து கிடப்பார். அதைத் தூக்கம் என்று சொல்பவர்கள் மேகத்தைச் சரியாகப் பார்த்தவர்கள் அல்ல. கீழே ஊர் சத்தமில்லாமல் நகரும். முதுகுக்கடியில், ஒரு சாண் கான்கிரீட்டுக்கு அப்பால், லட்சம் லிட்டர் தண்ணீர் மெல்ல மூச்சுவிடும். பசுவாகக் கிளம்பிய மேகம் பாதி வழியில் மனம் மாறிப் படகாகும். படகு அவிழ்ந்து வெறும் வெளிச்சமாகும். அந்த நாற்பது நிமிடமும் அவர் யாருக்கும் புருஷன் இல்லை, எந்த மேலதிகாரிக்கும் கீழதிகாரி இல்லை. பூமியில் அவருக்கென்று இருந்த சொத்து அவ்வளவுதான்.

"அவசரப்படாதே," என்றார். "ஒரு வாரம் பதிவேடு எழுதறேன். எந்தச் சாமானை எப்ப எடுத்தேன், எதுக்கு எடுத்தேன், எல்லாம் இருக்கும். வாரம் முழுக்கத் தொடாததை நீயே தூக்கிப் போடு."

"எங்க கிடங்குலயும் அதுதான் வழக்கம்," என்றாள் அவள், சந்தேகமே இல்லாத முகத்தோடு. அந்த முகத்தை அவர் சந்தேகித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் அவர் உழைத்ததுபோல் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில்கூட உழைத்ததில்லை. தட்டத் தேவையில்லாத சுவரைச் சுத்தியலால் தட்டினார். உச்சி வெயிலில் டார்ச் அடித்தார். சூரியன் உதிக்கும்போது திசைகாட்டியை எடுத்துக் கிழக்கைக் கண்டுபிடித்தார். தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் நின்ற நேரம் உட்பட எல்லாவற்றையும் நிமிடம் பிசகாமல் எழுதினார். சாமானின் பெயரில் வேண்டுமானால் பொய் சொல்லலாம், நேரத்தில் பொய் சொல்ல எந்தப் பொறியாளருக்கும் கை வராது. தலையணைக்கு 'அதிர்வு தாங்கி' என்று பெயர் வைத்தார்.

சனிக்கிழமை மாலை மனைவி பதிவேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"எல்லாமே வேணும்தான் போல. நான் ஒத்துக்கறேன்."

பொறியாளரின் நெஞ்சுக்குள் ஒரு மேகம் மிதந்தது.

"ஒரே ஒரு சந்தேகம். இந்த அதிர்வு தாங்கி எதுக்குங்க?"

"மோட்டார் ஓடும்போது தொட்டி அதிரும். அளவெடுக்கிறப்ப கை நடுங்கக்கூடாதில்லையா?"

"சரி. திங்கள், பன்னெண்டு அம்பதுக்கு மோட்டார் நிறுத்தம். ஒண்ணு பத்துலேருந்து ஒண்ணு அம்பது வரை அதிர்வு தாங்கி. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே."

அவர் பதிவேட்டை மூடக் கை நீட்டினார். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"வியாழன் மட்டும் ரெண்டு அஞ்சு வரை போயிருக்கு. அன்னிக்கு அதிராதது கொஞ்சம் அதிகமோ?"

"அன்னிக்கு மேகம் நல்லா இருந்தது," என்றார் அவர், தன்னை அறியாமல்.

அவள் சிரிக்கவில்லை. பையின் அடியில் கைவிட்டுத் தலையணையை எடுத்தாள். வால்வைத் திருகி ஒரு முறை ஊதிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்து அழுத்தினாள். அவள் கண்கள் ஒரு நொடி எங்கோ போய் வந்தன.

"இருநூறு கிராம்," என்றாள். "இது போதும். மிச்சமெல்லாம் நீங்களே சுமங்க."

மறுநாள் மதியம் அவளை வீடு முழுக்கத் தேடிவிட்டுப் பொறியாளர் மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அதிர்வு தாங்கியின் மேல் தலை வைத்து, அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படகு மெதுவாகப் பசுவாகிக்கொண்டிருந்தது.

"கீழே வாஷிங் மெஷின் ஓடுதுங்க, ஒரே அதிர்வு," என்றாள், மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நின்னதும் துணியை எடுத்துக் காயப் போட்டுடுங்க. நேரத்தையும் குறிச்சு வைங்க."