'கிராக்': ஒலியும் பொருளும்

சொல்லின் நலனுக்காக ஆளின் நலனைத் துச்சமாக மதிக்கும் உன்னத அலுவலகம் உலகில் ஒன்றுதான் உண்டு; அது அகராதி அலுவலகம். அங்கே பதினோரு வருடமாக மெய்ப்புத் திருத்திவந்தார் ஒருவர். அவருக்குச் சொல்லைவிட ஆள் பெரிதாகத் தெரிந்தது. அதுதான் வினை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்டச்சு செய்யும் அக்காவின் தலைக்கு நேர் மேலே கூரை 'கிராக்' என்றது. மெய்ப்புத் திருத்துபவர் அண்ணாந்து பார்த்தார். விரலே நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். விழுந்தடித்துக்கொண்டு ஆசிரியர் குழுக் கூட்டத்துக்குள் ஓடினார்.

"ஐயா, மேல கிராக்!"

தலைமைப் பதிப்பாசிரியர் முகம் மலர்ந்தது. "எந்தப் பொருள்ல சொல்றீங்க?"

"கூரைங்கய்யா! சத்தம் வந்துச்சு, விரிசலும் விட்டிருக்கு."

"சத்தம் முதல்லயா, விரிசல் முதல்லயா?"

"அக்கா தலையில விழுந்துடும்யா!"

"ஆங்கிலத்துல இது முதல்ல வெறும் சத்தம். அப்புறம்தான் விரிசலுக்குப் பேராச்சு. கண்ணெதிரே சான்று! குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் 'ஆழ்ந்து' விவாதித்தார்கள். துணையாசிரியருக்கு ஒரே ஐயம்தான் மிஞ்சியது: "நம்ம பேச்சுல மட்டும் இது ஏன் கிறுக்கனைக் குறிக்குது?"

எல்லோரும் மெய்ப்புத் திருத்துபவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கும் சான்று கிடைத்துவிட்டது.

முகம் சுண்டிப்போய் வெளியே வந்தவர், "அக்கா, எந்திரிங்க" என்றார்.

"பக்கத்தை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினதே நீங்கதானே?"

"பக்கம் கிடக்கட்டும். ஒரு கை பிடிங்க."

இருவருமாக மேசையைக் கதவோரம் இழுத்துப் போட்டார்கள். 'தளவாடத்தை அனுமதியின்றி இடம்பெயர்த்தமைக்கு' மாலைக்குள் விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

மறுநாள் மதியம் கூரை விழுந்தது. வெறுந்தரையில் இடுப்பளவு குவியல். அக்கா அதைப் பார்த்தாள்; அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'பாரபட்சமற்ற' விசாரணைக் குழு ஒரே வாரத்தில் உண்மையைத் தோண்டி எடுத்தது: "மேசை அங்கிருந்த காலமெல்லாம் கூரை விழவில்லை. நகர்த்திய மறுநாளே விழுந்தது. ஆகவே மெய்ப்புத் திருத்துபவரே பொறுப்பு; உடனடிப் பணிநீக்கம். தட்டச்சாளர் உயிரோடு இருப்பதைத் தவிர, குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பில் வேறு சான்று எதுவுமில்லை."