வரன்களுக்குத் தெரியாத எழுத்து

நல்லேப்பிள்ளி,
திங்கட்கிழமை

மருமகன் கோகுல்நாத்துக்கு (முறைக்குத்தான் இப்படி எழுதுகிறேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்) தாய்மாமன் ரத்தினசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் மகள் மௌனிகாவும் சுகம். அங்கே நீ சுகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகம் வேறு.

மௌனிகாவுக்கு வரன் பார்க்க நீ செய்து தந்ததாக அவள் சொன்ன வலைப்பக்கத்தை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். கோயில் நோட்டீஸ் மாதிரி எழுத்து கொழுகொழுவென்று இருந்தது. நம்பி இரண்டு இடத்துக்கு அனுப்பினேன். பொள்ளாச்சிக்காரர் கூப்பிட்டு, "ஏனுங்க, பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு பார்த்தா இங்கிலீசு எழுத்தா வாரிக் கொட்டியிருக்குதுங்க. மந்திரமுங்களா?" என்றார். கொழிஞ்சாம்பாறைக்காரர் பயந்துபோய் ஜாதகத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்துச் சித்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மலையாளி ஜோமோனிடம் காட்டினேன். பக்கத்தின் உள்ளே திறந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணா, இது ஃபாண்ட் டேக் அல்லே! இன்ன எழுத்துல காட்டுன்னு சொல்ற பழைய வழி. அந்த ஃபாண்ட் யாரோட கம்ப்யூட்டர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் தமிழ். மத்தவங்களுக்கு வெறும் குப்பை. இப்ப யாரும் இப்படிச் செய்யறதில்லை" என்றான். கோயமுத்தூரில் வலைப்பக்கம் செய்தே சம்பளம் வாங்கும் உனக்கு இது தெரியாதாம், நான் நம்பணுமாம்! பொங்கலுக்கு வந்தபோது நம் கம்ப்யூட்டர் முன்னால் ஏன் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாய்? மௌனிகா காப்பி வைத்துவிட்டு அங்கேயே நின்றாளே, அவளைக்கூட நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படியென்னப்பா மும்முரம்? நம் வீட்டில் மட்டும் தமிழாகத் தெரிய அந்த ஃபாண்டை ஏற்றிக்கொண்டிருந்தாயா? இன்னொன்று, அத்தனை குப்பைக்கு நடுவிலும் எண்கள் மட்டும் எல்லாருக்கும் பளிச்சென்று தெரிகின்றன. கீழே இருக்கிற போன் நம்பர் என்னுடையதல்ல, உன்னுடையது! வருகிற வரன்களை நீயே பேசி விரட்டிவிடுவதாகத் திட்டமா? என் மகள் வாழ்க்கையில் விளையாடாதே.

அக்கா பழனாத்தாளுக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்கும் ஆசீர்வாதம், அரை மனதோடு.

தாய்மாமன்,
ரத்தினசாமி

பி.கு.: உறையை ஒட்டும் முன் மௌனிகா இதை வாங்கிப் படித்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "மச்சான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லீங்கப்பா. பழைய டேகையும் ஃபாண்டையும் தேடிப் புடிச்சு நாந்தான் போட்டனுங்க. நம்பரும் நாந்தான். பொங்கலன்னைக்கு அவரு கிரிக்கெட்டுப் பாத்துட்டு இருந்தாருங்க" என்றாள். "ஏஞ்சாமி இப்படிப் பண்ணுனே?" என்றேன். "வேற யாரும் வேண்டாமுங்க" என்று உள்ளே ஓடிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. உனக்கும் சம்மதமென்றால் கல்யாணப் பத்திரிகையை நீயே செய்துவிடு. அவளிடம் விட்டால் சொந்தக்காரர் ஒருத்தருக்கும் படிக்க வராது.