ஆறு பேருக்கு ஆறு போன்

என் பெயர் இசக்கிராஜ். வயது இருபத்துமூன்று. இருப்பது ஒளிநாட்டில், கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர்களின் கொட்டகையில். அம்மா, அக்கா, இது உங்களுக்கு.

ஒளிநாட்டில் குடிமக்களின் சம்மதம் இல்லாமல் எந்தச் சட்டமும் செல்லாது. ராஜாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆணை போனில் வரும். கீழே பச்சைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் சம்மதம்.

எங்கள் கொட்டகையில் ஆறு பேருக்கு ஒரே போன். தலையோடு தலை முட்ட உட்காருவோம். நான் படிப்பேன். படிக்கத் தெரியாத கொம்பையா வரிக்கு வரி நிறுத்துவான்.

"உழைப்பு நேரம் சீரமைக்கப்படும்னா என்னல?"

"ரெண்டு மணி நேரம் கூட வேலை."

"அம்புட்டு ஆசைன்னா ராஜாவே வந்து பிரஷ்ஷைப் பிடிக்கட்டும்!"

சிரிப்போம். யாரும் அழுத்த மாட்டோம்.

சம்மதம் குறைந்ததும் நட்புத்துறை அமைச்சர் நேரில் வந்தார்.

"ஒரே திரையை அறுவர் பார்ப்பது நட்புக்கு ஊறு என அரசு கண்டறிந்துள்ளது. கழுத்து வலிக்கும். கழுத்து வலித்தால் கோபம் வரும். ஆகவே ஆளுக்கொரு போன், இலவசம்."

கொம்பையா தன் போனுக்கு முத்தமே கொடுத்தான்.

அடுத்த ஆணை: பிறர் திரையைப் பார்ப்பதும், பிறருக்குப் படித்துக் காட்டுவதும் அந்தரங்கத்தை மீறும் குற்றம். மேற்பார்வைக்கு ஒரு காவலர் கொட்டகையிலேயே தங்கினார். சிரிப்பு நின்றுவிடவில்லை, ஆறு பேரும் ஆறு விஷயத்துக்குச் சிரித்தோம். நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய இதயப் படங்களை எண்ணிப் பார்த்து, நட்பு வளர்ந்துவிட்டதாக அமைச்சர் அறிக்கை விட்டார்.

கொம்பையா ஊரில் பிறந்த தன் குழந்தையின் முகத்தை இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஊருக்குப் புறப்படவிருந்த வாரத்தில் அவன் போனுக்கு மட்டும் ஓர் ஆணை வந்தது. மேலே ஒரு தொட்டில் படம். என்னை நிமிர்ந்து பார்த்தான். நடுவில் காவலர் நின்றார்.

"பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லுதாவ போல," என்று அழுத்திவிட்டான்.

புறப்பட்ட அன்று கொட்டகை வாசலில் காவலர்கள் அவனைத் தடுத்தார்கள். "இன்னும் மூணு வருஷத்துக்கு லீவு வேண்டாம்னு நீங்களே தனியா, சுதந்திரமாச் சம்மதிச்சிருக்கீங்க."

முறையிட அரண்மனைக்குப் போனோம். உள்ளே ராஜாவும் அமைச்சர்களும் தலையோடு தலை முட்ட ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் வரிக்கு வரி, "இதில் நமக்கென்ன?" என்று கேட்டார்கள்.

"ஒங்களுக்குக் கழுத்து வலிக்காதா ஐயா?" என்றான் கொம்பையா.

"நாங்கள் நண்பர்கள்," என்றார் அமைச்சர்.

அம்மா, நம் ஊரிலும் ஆளுக்கொரு போன் தரப்போகிறார்களாமே. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பச்சைப் பொத்தான் வந்தால், தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை தொடாதீர்கள்.