நாலு சின்னக்கருப்பும் ஒரு லேப்டாப்பும்

“முதல் பரிவட்டம், சின்னக்கருப்பு, திருப்பத்தூர் செல்போன் கடை” என்று ஒலிபெருக்கியில் லேப்டாப் அறிவித்ததும் கோயில் வாசலில் மேளம் நின்றுவிட்டது.

கல்லல் பக்கத்துக் கிராமம். பரிவட்டம் யாருக்கு முதலில் என்று வருஷாவருஷம் பங்காளிகளுக்குள் அடிதடி. இந்தத் தடவையும் கைகலப்பு வந்தால் கோயிலைப் பூட்டிவிடுவோம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. காரைக்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பங்காளி வீட்டு மாப்பிள்ளை அழகுசுந்தரம்தான் வழி சொன்னார்.

“மனுசன் கூப்பிட்டாத்தான சண்டை? மிஷின் கூப்பிடட்டும். வயசுப்படி பேரைப் போட்டுட்டா, போட்ட வரிசையிலயே ஒவ்வொருத்தர் விவரத்தையும் எடுத்து வாசிச்சிரும்.”

இப்போது அறுபதைத் தாண்டிய மூத்தவர் துண்டை உதறினார். “என்ன மாப்ள, கடைக்குட்டிப் பயலுக்கா முதல் பரிவட்டம்? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அழகுசுந்தரம் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தார். பங்காளிகள் நாலு பேருக்கும் தாத்தா பெயர். நாலு பேருமே சின்னக்கருப்பு. மிஷினில் ஒரே பெயரை மறுபடி போட்டால், பழைய விவரம் அழிந்து அதே இடத்தில் புது விவரம் ஏறிக்கொள்ளும். கடைசியாகப் போட்ட கடைக்குட்டி முதல் இடத்தில் இருந்தான். மற்ற மூவரும் காணாமல் போயிருந்தார்கள்.

“ஒரு நிமிஷம் மச்சான்.”

அந்தப் பெயரை அழித்துவிட்டு, மூத்தவர் விவரத்தோடு திரும்பப் போட்டார். அழித்துப் போட்டால் புதிதாக வந்த ஆள் கணக்கு, வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அது ஞாபகம் வருவதற்குள் லேப்டாப் முந்திக்கொண்டது.

“முதல் பரிவட்டம், சோமு, பந்தல் காண்ட்ராக்ட்.”

பங்காளிகளுக்கு அடுத்தபடியாகப் பட்டியலில் இருந்த சோமு கூச்சப்படவே இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான்.

“பந்தக்காரனுக்குப் பெறகுதான் நானா?” என்றார் மூத்தவர்.

“அண்ணனாச்சும் கடைசில இருக்காரு. நான் லிஸ்ட்லயே இல்ல!” என்றார் இரண்டாமவர்.

அழகுசுந்தரம் மனைவி பாண்டீஸ்வரியிடம் ஓடினார். “உங்க வீட்டுல நாலு பேரையும் எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீக?”

“அது வீட்டுக்குள்ள சொல்றதுங்க. வேணாம்.”

“கோயிலைப் பூட்டிருவாக. சொல்லு!”

அவள் காதோடு சொன்னாள். அவர் வரிசையை முதலிலிருந்து புதிதாகப் போட்டார். ஒலிபெருக்கி ஊருக்கே கேட்க வாசித்தது.

“முதல் பரிவட்டம், பூசணிச் சின்னக்கருப்பு. இரண்டாவது, ஓணான் சின்னக்கருப்பு. மூன்றாவது, தூங்குமூஞ்சிச் சின்னக்கருப்பு. நான்காவது, மூக்குறிஞ்சிச் சின்னக்கருப்பு.”

வரிசை என்னவோ சரிதான்.

நாலு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். அழகுசுந்தரம் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரை வழியே ஓடி, காவலுக்கு நின்ற ஏட்டு மருதுவின் ஜீப்புக்குள் பாய்ந்தார்.

“சார், தப்பு என் மேலதான். கோயிலைப் பூட்டிறாதீக!”

வெளியே கடைக்குட்டியின் குரல் கேட்டது. “அண்ணே, நீங்க அங்குட்டு மறிங்க, நான் இங்குட்டு வாரேன். மெதுவாண்ணே, கல்லு இருக்கு.”

ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே பார்த்தார்.

“எதுக்கு சார் பூட்டணும்? இந்த நாலு பேரும் ஒத்துமையா ஒரு வேலை செஞ்சு இன்னைக்குத்தான் பாக்குறேன். அடுத்த வருஷமும் நீங்களே வந்துருங்க.”