இரண்டு சம்மதங்களும் ஒரு வியாழக்கிழமையும்

அரைகுறையாகப் படித்த புத்தகம் தரும் துணிச்சலை, முழுதாகப் படித்த எந்தப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை. சோஹாரில் இரண்டு நல்ல மனிதர்களின் லீவை நான் ஒழித்துக்கட்டியது அப்படிப்பட்ட துணிச்சலில்தான்.

மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, ஓமனில் ஒரு கட்டுமான கம்பெனியில் கடிதங்களுக்கு எண் போட்டு அடுக்கும் வேலைக்கு வந்திருந்தேன். (ஊரில் கேட்டால் 'டாக்குமென்ட் கன்ட்ரோலர்' என்பேன்.) மஸ்கட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தூதர் ஒருவரின் கடிதத் தொகுப்பு கிடைத்தது. அவர் பெயர் வேண்டாம். நடந்ததற்கு அவர் பொறுப்பல்ல. இரண்டு நாடுகள் சண்டையிட்டுக் களைத்து, சமாதானம் பேச உட்கார்ந்த ஊரிலிருந்து அவர் தன் மன்னருக்கு எழுதியவை அந்தக் கடிதங்கள்.

படிக்கப் படிக்க மயங்கிவிட்டேன். எதிர்த்தரப்பு சொன்ன கடுஞ்சொல்லை மனிதர் சலவை செய்து, இஸ்திரி போட்டுத்தான் மன்னருக்கு அனுப்புவார். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கோபம் ஆறியிருக்கும். எல்லாவற்றையும் விட ஒரு வித்தை என்னைக் கவர்ந்தது. எதிராளி எதையாவது விட்டுக்கொடுத்தால் அதை அவர் உடனே வெளியே சொல்லமாட்டார். கையிலேயே வைத்திருந்து, நல்ல சமயம் பார்த்துத்தான் மேஜையில் வைப்பார்.

பாதிப் புத்தகம் முடிந்திருந்தபோது, கம்பெனி கேம்ப்பில் என் எதிர் ரூமில் போர் மூண்டது.

எதிர் ரூமில் இருந்த முருகேசனும் செல்வராஜும் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். சாரம் கட்டும் வேலை. முருகேசனின் தங்கையைத்தான் செல்வராஜ் கட்டியிருந்தார். செல்வராஜ் இங்கே வந்த பிறகு ஊரில் மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது ஆகப்போவதால் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் முருகேசன். அப்பன் இன்னும் பிள்ளையை நேரில் பார்த்ததே இல்லை.

இருவரும் லீவு கேட்டார்கள். பஞ்சாபி ஃபோர்மேன் கை விரித்துவிட்டார். "தோனோ நஹி. ஏக் ஆத்மி. வியாழக்கிழமைக்குள்ள பேர் சொல்லு."

ஒருவர்தான் போகலாம். அன்று முதல் மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் ரூம் ஒன்று, அடுப்பும் ஒன்று. நம் வீடுகளில் நடப்பதுபோல, இடையில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். அந்த ஆள் நான்.

"குழம்பு ஊத்தவான்னு கேளுங்க சார்," என்பார் முருகேசன்.

"ஊத்தச் சொல்லுங்க சார்," என்பார் செல்வராஜ். இருவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இருக்காது.

வேறு யாராக இருந்தாலும் சலித்துப்போயிருப்பான். நானோ எனக்காகவே காலம் காத்திருந்ததாக நினைத்தேன். இனி லீவைப் பற்றி நேரில் பேசவே கூடாது, எல்லாம் என் மூலமாகத்தான், ஃபோர்மேனிடம் பேர் சொல்வதும் நானே என்று நிபந்தனை போட்டேன். படித்தவன் சொல்கிறான் என்று இருவரும் தலையாட்டினார்கள். (அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.)

செல்வராஜ் என் ரூமுக்கு வந்து, "மாமன்னா பெரிய இவரான்னு கேளுங்க," என்றால், நான் எதிர் ரூமுக்குப் போய், "உங்கள் ஸ்தானத்தைப் பற்றி அவர் விசாரித்தார்," என்பேன். முருகேசன் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். சுவர் பிளைவுட். மூலப்பிரதி அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

புதன்கிழமை செல்வராஜ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். "மச்சானே போகட்டும் சார். வீட்ல போன்ல அழுவுறா. அப்பன் இல்லைன்னா போட்டோவுல ஒட்டிக்கலாம். மாமன் மடிய எங்க போயி ஒட்டுறது?"

மறுநாள் காலை பஸ் ஏறும் இடத்தில் முருகேசன் பிடித்துக்கொண்டார். "மாப்ளயப் போகச் சொல்லுங்க சார். பெத்த புள்ள மொகத்த இன்னும் பாக்கல அந்த மனுசன். மடி என்ன மடி, எங்க சித்தப்பா மவன் இருக்கான், உக்காருவான்."

இரண்டு தரப்பும் முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டது. என் தூதருக்கே இப்படி ஒரு நாள் வாய்த்ததாகத் தெரியவில்லை. சாதாரண மனிதன் அந்த இடத்திலேயே இருவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருப்பான். நான் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டேன். மாலையில் பிரியாணி வரவழைத்து, நடுவில் பாய் விரித்து, இருவர் முன்னிலையிலும் அறிவித்து, கண்கள் கலங்கும் வேளையில் யார் போவது என்று நானே தீர்ப்புச் சொல்லி, பிறகு ஃபோர்மேனுக்குப் போன் செய்வதாகத் திட்டம். பத்திரிகைக்காரனுக்கு வியாழக்கிழமை என்பது கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை நீளும். சைட்டில் அது டூட்டி முடிவதோடு முடியும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

மாலை, பாயில் இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டு பேசினேன். (ஆமாம், நின்றுகொண்டு.) இரு தரப்பின் பெருந்தன்மை பற்றி ஒரு முன்னுரை சொல்லி, முதலில் செல்வராஜின் சம்மதத்தையும், பிறகு முருகேசனின் சம்மதத்தையும் வெளியிட்டேன்.

கண்கள் கலங்கவில்லை. முருகேசன் கேட்டார்: "அதெல்லாம் சரி சார். ஃபோர்மேன்ட்ட ஏதோ ஒரு பேரச் சொல்லிட்டீங்கள்ல?"

போன் செய்தேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். "கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு. யாரும் வரல. பெயின்டிங் ஆளுக்குக் குடுத்தாச்சு. அடுத்தது ரமலானுக்கு அப்புறம்தான்."

சொன்னேன். சண்டைக்குப் பிறகு செல்வராஜ் அன்றுதான் முதல் தடவையாக மச்சானை நேராக முகம் பார்த்துப் பேசினார்.

"மச்சான், என்னையா போகச் சொன்னீங்க?"

"நீங்களும்தான என்னையப் போகச் சொல்லிருக்கீங்க. எப்ப சொன்னீங்க?"

"நேத்தே சொன்னேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். முருகேசன் பொட்டலத்தைப் பிரித்தார். "சாருக்கு மொதல்ல வைங்க மாப்ள. ரெண்டு பேர் சொன்னதையும் சுமந்துக்கிட்டு நாள் பூரா அலைஞ்சிருக்காரு." செல்வராஜ் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை அவரால். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் புத்தகத்தின் மீதிப் பாதியைப் படித்தேன். ஒரு சம்மதத்தை அதிக நாள் கையில் வைத்திருந்ததற்காக மன்னர் அந்தத் தூதரையும் ஊருக்குத் திருப்பி அழைத்துவிட்டார்.

ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள் என்பதால் விசேஷம் மூன்றாம் வயதுக்குத் தள்ளிப்போனது. அடுத்த வருஷம் செல்வராஜ் லீவில் போய் மகளைப் பார்த்தார். அவரைக் கண்டதும் அவள் அலறி பாட்டி பின்னால் ஒளிந்துகொண்டாளாம். அதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காதுகுத்துக்கு இருவரும் ஃபோர்மேனிடம் தாங்களே முன்கூட்டிப் பேசிச் சேர்ந்தே லீவு வாங்கினார்கள், என்னிடம் சொல்லாமலே. நானும் ஊரில் இருந்ததால் அழைத்திருந்தார்கள். ஒரு வயதில் என்றால் அழுதுவிட்டு உறங்கியிருப்பாள். மூன்று வயதில் அவளுக்கு வாய் வந்துவிட்டது. ஒரு காது குத்தியதும் மாமன் மடியிலிருந்து இறங்கி, "போதும்," என்றாள். கெஞ்சி, மிட்டாய் காட்டி, மிரட்டியும் மசியவில்லை. சமாதானம் பேச நான் இரண்டடி முன்னே வைத்தேன்.

"சார், நீங்க அங்கனயே இருங்க," என்றார் செல்வராஜின் மனைவி. கோயிலே சிரித்தது.

இப்போதும் அந்த வீட்டில் பெண் பார்ப்பது, வீடு கட்டுவது என்று எந்தப் பேச்சு வந்தாலும் எனக்குத் தகவல் வரும், எல்லாம் முடிந்த பிறகு. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று ஒருமுறை முருகேசனிடம் கேட்டேன்.

"கெட்ட சேதின்னா ஒங்ககிட்டதான் சார் மொதல்ல சொல்லுவோம்," என்றார். "நல்ல சேதின்னா நீங்க பத்திரமா வச்சிக்கிருவீங்க."