அலமாரிக்குள்ளிருந்து வந்த அறிவியல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நல்லாசிரியர்கள் பலர் உண்டு. ஆயினும், மனைவியின் சேலைகளுக்கு நடுவே சம்மணமிட்டு அமர்ந்து ஒளிச்சேர்க்கையைப் போதித்தவர் ஒருவரே. அவரை அனைவரும் அலமாரி சார் என்றே அழைத்தோம். அவருடைய இயற்பெயரைத் தலைமையாசிரியைகூடச் சற்று யோசித்துத்தான் சொல்வார்.

அடியேன் அக்காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டுநர். செராஸில் புறப்பட்டுச் சாலாக் செலாத்தானைத் தாண்டுவதற்குள் பாதி வேன் உறங்கிவிடும். அலமாரி சாருக்கு அந்த உறக்கம் பொறுக்கவில்லை.

"அண்ணே, தினம் இவ்ளோ நேரம் சும்மா போகுது லா. அத எனக்குக் குடுத்துருங்க" என்றார்.

ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடங்களை வலையொலியாக, அதாவது பிள்ளைகள் போட்காஸ்ட் என்கிறார்களே அதுவாக, பதிவு செய்து பெற்றோரின் கைப்பேசிகளுக்கு அனுப்பினார். பிள்ளைகள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரலாகாது. ஆகவே காலை வேளையில் என் கைப்பேசியே வேனின் ஒலிபெருக்கியுடன் இணைந்து ஆசிரியப் பணி ஆற்றியது.

துணிமணிகளுக்கு நடுவே பேசினால் எதிரொலி எழாது என்று அவர் எங்கோ கேள்வியுற்றிருந்தார். அன்றுமுதல் படுக்கையறை அலமாரியே அவரது ஒலிப்பதிவுக்கூடம். எதிரொலி ஒழிந்தது மெய்தான். ஆனால் வீட்டில் மற்றவர்களும் வசித்தார்கள்.

முதற்பாடத்திலேயே, "இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை" என்று அவர் கம்பீரமாகத் தொடங்க, கதவு திறக்கும் ஓசை கேட்டது. தொடர்ந்து அவர் துணைவியாரின் குரல்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்த நீலச் சேல வேணும்."

"ரெக்கார்ட் போயிட்டு இருக்கும்மா."

"போகட்டும். காலத் தூக்குங்க."

சிறிது சலசலப்பு. பிறகு, கம்பீரம் இம்மியும் குறையாமல், "ஈர்த்துக்கொள்கிறது" என்று வாக்கியம் முடிந்தது. அன்று என் வேனில் ஒருவரும் உறங்கவில்லை.

காந்தப் பாடத்தின்போது தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து 'பாம் பாம்' என்று ஹாரன் அடித்தார். "ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும், ரெண்டு பன்னு வாங்கும்மா, கயா ஜாம் வச்சது, வேறுபட்ட துருவங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"இதையெல்லாம் வெட்டிறலாமே சார்?" என்று வினவினேன்.

"வகுப்புல நான் தும்முனா வெட்ட முடியுமா அண்ணே?"

தலைமையாசிரியை இந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டார். பள்ளி வாசலிலேயே சாரை நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்துக்குப் பேரு இருக்கு சார். பாடத்துல பன்னு வருது, சேல வருது. இனிமே சுத்தமா பண்ணுங்க. வர்ற டெஸ்ட்ல மார்க் ஏறலன்னா நிப்பாட்டிருங்க."

அலமாரி சாரின் முகம் வாடியதை வேனிலிருந்தே கண்டேன். முன்பு ஒருநாள் அவர் என்னுடன் பயணம் செய்தபோது, வகுப்பில் வாயே திறவாத பிள்ளைகள் ஒலிபெருக்கிக்குப் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்வதைக் கண்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர் அவர். அதை இழப்பது அவரால் ஆகாத காரியம்.

எனவே பங்சாரில் நண்பர் ஒருவரின் ஒலிப்பதிவு அறையை இரவல் பெற்று, அடுத்த பாடத்தைப் பதிவு செய்தார். பளிங்கு போன்ற குரல், பழுதற்ற பாடம். சாலாக் செலாத்தான் வருமுன்பே வேன் முழுதும் உறங்கிவிட்டது.

முன்னிருக்கையில் விழித்திருந்த ஒரே பிள்ளை துர்கா. அவளும் கொட்டாவி விட்டாள்.

"அங்கிள், இதுல ஆன்டி வரவே இல்ல. எத வச்சு ஞாபகம் வச்சுக்கறது?"

"பாடத்தக் கேட்டு வச்சுக்கம்மா."

"இல்ல அங்கிள். பச்சையம்னா நீலச் சேல. காந்தம்னா பன்னு. இது எல்லாம் ஒரே மாதிரி போகுது."

அன்று மாலை இதைச் சாரிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"அப்ப இவ்ளோ நாளும் என் சம்சாரம்தான் டீச்சர்" என்றார். "அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க அண்ணே."

அலமாரிக்கே திரும்பினார். தலைமையாசிரியையின் கட்டளையை மீறுகிறோம் என்ற அச்சத்தில் சற்றே தணிந்த குரலில் தொடங்கினார். பின்னால் குக்கர் விசில் அடித்தது. பிள்ளைகள் நீராவியைப் பற்றி ஐயந்திரிபறக் கற்றனர்.

சோதனை நாளன்று தலைமையாசிரியையே மேற்பார்வை செய்தார். மாலையில் நேராக என் வேனிடம் வந்தார்.

"அண்ணே, பிள்ளைங்க பதில் எழுதறதுக்கு முன்னால மெதுவா 'பாம் பாம்'னு சொல்லுதுங்க. ஒண்ணு விசில் அடிக்குது. என்ன வேண்டுதல் இது?"

எனக்குத் தெரியாது என்று பணிவுடன் தெரிவித்தேன்.

மதிப்பெண் ஏறியது. அவர் அலமாரி சாரை மீண்டும் வாசலில் நிறுத்தி, "சரி, பண்ணுங்க" என்றார். நான்கு அடி நடந்து, திரும்பி நின்றார். "ஆமா, அந்த நீலச் சேல கல்யாணத்துக்கா, கோயிலுக்கா?"

பிறகு அலமாரி சாருக்குத் தெற்கே ஜொகூருக்கு மாற்றல் வந்தது. அலமாரி லோரியில் ஏறிவிட்டமையால், கடைசிப் பாடமான செரிமானத்தை என் வேனில் அமர்ந்தே பதிவு செய்தார். சிறுகுடல் சத்துகளை உறிஞ்சுகிறது என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, ஒரு ஹாரன் அடிங்க."

"எதுக்கு சார்?"

"பிள்ளைங்க உங்கள மறந்துறக் கூடாது பாருங்க."

அடித்தேன். இன்றும் பிரிக்பீல்ட்ஸ் வழியே செல்கையில், சாலை காலியாகவே இருந்தாலும், ஒருமுறை ஹாரன் அடிப்பது என் வழக்கம். எங்கோ வளர்ந்துவிட்ட ஒரு பிள்ளைக்குச் சிறுகுடல் நினைவுக்கு வரட்டும். எனக்கு அவர் வருகிறார்.