சிறுசேரி கியர் திருப்பணி

மனித குலத்தின் முதல் பெரும் சாதனை, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டாவது பெரும் சாதனை, அந்தச் சக்கரம் ஒழுங்காக ஓடிவிடாதபடி மாதக்கணக்கில் கட்டிக் காத்தது. முதலாவது எந்த நாட்டில் நடந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. இரண்டாவது சிறுசேரியில்தான் நடந்தது. அதில் தகராறுக்கே இடமில்லை; எல்லாவற்றுக்கும் மீட்டிங் மினிட்ஸ் இருக்கிறது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. விழுந்த சத்தம் கடல் தாண்டி, பழைய மகாபலிபுரம் சாலை ஏறி, பரணிதரன் வேலை பார்த்த கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளும் வந்துசேர்ந்தது. அவன் எழுதிக்கொண்டிருந்த புரோகிராமுக்கு உரிய வங்கியே இல்லையென்று ஆனபிறகு, அவனை 'பெஞ்சில்' உட்காரவைத்தார்கள். பெஞ்சு என்றால் சம்பளம் உண்டு, வேலை கிடையாது. நல்ல காலத்தில் அது சொர்க்கம். கெட்ட காலத்தில் அது பலிபீடத்துக்கு முந்தைய வரிசை.

அந்தக் கம்பெனியில் மீட்டிங் அறைகளுக்கு நதிகளின் பெயரை வைத்திருந்தார்கள். காவிரி அறையைச் சென்னைக்காரர்கள் கேட்டால் பெங்களூர் கிளை விட்டுக்கொடுக்காது. வீடியோ மீட்டிங்குக்கென்று முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கும். பாலாறு அறை எப்போதும் காலி. அதற்குள் ஹெச்.ஆர். கூப்பிட்டு உள்ளே போனவர்கள் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வறண்ட முகத்தோடு வெளியே வந்தார்கள். பெயர் வைத்தவனுக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்கிறது.

பரணிதரனுக்குத் தை மாதம் கல்யாணம். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பம் அவனுடையது. மணப்பெண் துர்காதேவியின் அப்பா, மாப்பிள்ளையின் நிலத்தையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. பத்திரிகையில் பெயருக்குக் கீழே போடப்போகும் வேலையைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தார். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று தங்க எழுத்து. பாலாறு அறைக்குள் ஒருமுறை போய்வந்தால், அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு ஊருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் பெண்ணின் அப்பா கல்யாணத்தையே அடித்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் சைக்கிள் வந்து காப்பாற்றியது.

வாசலில் காவல் பார்க்கும் சடையப்பனும் செய்யூர்ப் பக்கம்தான். ஏஜென்சி மூலம் வந்தவர். நாலு பேர் காதில் விழுமென்றால் பரணியை 'சார்' என்பார். யாரும் இல்லையென்றால் 'தம்பி'. வளாகத்தைச் சுற்றிவர நிர்வாகம் அவருக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தது. 'பசுமை வளாகம்' திட்டத்துக்குப் போட்டோ எடுக்க வேண்டியிருந்ததால் கியர் சைக்கிளாகவும், எடுத்து முடித்தபிறகு யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் இருப்பதிலேயே மலிவானதாகவும் அது அமைந்தது. ஆறு கியர். மூன்றில் போட்டால் நாலுக்குப் போகும். போன இடம் பிடிக்காமல் இரண்டுக்குத் திரும்பும். கார்கள் நிற்கும் பாதாளத்திலிருந்து மேலே ஏறும் சரிவில் செயின் ஒரு தாவு தாவும். மிதித்த கால் வழுக்கும். பெடல் சுழன்றுவந்து முன்னங்காலில் அடிக்கும்.

"தம்பி, எறங்கித் தள்ளிகினு போலாம்னா ஏஜென்சில ஒத்துக்கல. சைக்கிள் குட்த்தா ஏறித்தான் போணுமாம். காலு போவுது. யாருகிட்டனா சொல்லேன்" என்றார் சடையப்பன்.

பரணி குனிந்து பார்த்தான். காலேஜ் நாட்களில் கியர் சைக்கிள் வைத்திருந்தவன். கியரை இழுக்கும் புது ஒயர் ஓட ஓடக் கொஞ்சம் நெகிழும். பின்சக்கரத்தின் அருகே ஒயர் முடிகிற இடத்தில் உள்ள சின்னத் திருகை விரலால் அரைச் சுற்று திருப்பினால் இழுப்பு சரியாகிவிடும். ஸ்பேனர்கூட வேண்டாம். அவன் திருகில் கைவைத்தபோது மேனேஜர் ராஜாராம் அந்தப் பக்கமாக வந்தார். அவருக்குக் கீழே நாற்பது பேர் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அவருக்குக் கீழே நாற்காலி மட்டும்தான்.

என்ன பிரச்சனை என்று கேட்டார். கியர் சரியாக விழவில்லை என்றான் பரணி. ராஜாராமின் கண்ணில், சாப்பிட்டுப் பல நாளான மனிதன் பந்தியைப் பார்த்த ஒளி தெரிந்தது.

"கையை எடு, பரணி. முதல்ல ரிக்வயர்மென்ட் எழுதணும்."

சாயங்காலத்துக்குள் அது ஒரு புராஜெக்ட் ஆகிவிட்டது. பெயர் 'கியர் டிரான்ஸ்ஃபர்மேஷன்'. தலைமை ராஜாராம். பொறியாளர் பரணிதரன். சோதனையாளர், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோவளத்து ஷபானா. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று பழமொழி சொல்லிச் சிரித்தவர்களுக்கு நிர்வாகவியல் தெரியாது. சுமைகூலியை வைத்துத்தான் மூன்று குடும்பத்தில் அடுப்பு எரிந்தது.

வாரம் தவறாமல் மீட்டிங் நடந்தது. கியர் நழுவுவதற்கான மூலகாரணம் மீன் எலும்பு வடிவத்தில் வரையப்பட்டது. உப்புக் காற்று, உலகப் பொருளாதாரம், ஓட்டுபவரின் மனநிலை ஆகியவை எலும்புகளாக இடம்பெற்றன. திருகு இடம்பெறவில்லை. நிலவர அறிக்கையில் புராஜெக்ட், கோளாறு தீரவில்லை என்பதற்கான சிவப்பு நிறத்தில் கம்பீரமாக நின்றது. சிவப்பாக இருக்கும்வரை அதற்கு ஆள் வேண்டும்.

ஒருநாள் கேன்டீனில் ஷபானா கேட்டாள்: "அந்தத் திருகு விஷயம் உனக்கு மொத நாளே தெரியும்ல?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும். எங்க அண்ணன் சைக்கிள்ல நானே திருப்பிக்கீறேன். ராஜாராமுக்கும் தெரியும். சரி, டீ ஆறுது, குடி."

இப்படி மூவரும் ஒரு மனதாக உழைத்தார்கள். நாலாவதாக ஒருவரும் உழைத்தார். ஆனால் அவர் ஏஜென்சி ஆள் என்பதால் கணக்கில் வரவில்லை. சடையப்பனின் காலில் முதலில் ஒரு பிளாஸ்திரி தெரிந்தது. பிறகு துணிக்கட்டு. அதை அறிக்கையில் எப்படிக் குறிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, 'பயனாளரின் ஆழ்ந்த ஈடுபாடு' என்று எழுதலாமென ராஜாராம் தீர்ப்பளித்தார். எழுதியவன் பரணி.

மார்கழி மழையில் சரிவு ஈரமாக இருந்த ஒருநாள், செயின் தாவி, சடையப்பன் சைக்கிளோடு உருண்டார். கேளம்பாக்கம் ஆஸ்பத்திரியில் காலுக்குத் தையல் போட்டார்கள். லீவு எடுத்தால் சம்பளம் இல்லை என்பதால் மறுநாளே வந்து வாசலில் உட்கார்ந்தார். பரணியைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து சல்யூட் வைக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். அவன் அறிக்கையில் எழுதிய வார்த்தைகள் எல்லாம் அந்தக் கட்டுக்கு அடியில் இருந்தன.

அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் போய்த் திருகை அரைச் சுற்று திருப்பினான். மூன்று என்றால் மூன்று, நாலு என்றால் நாலு. மறுநாள் சடையப்பன் தையல் காலோடு சரிவில் ஏறினார். எதிரே வந்த கார்களுக்கெல்லாம் மணி அடித்தார். தேவையே இல்லாமல் இன்னொரு சுற்று போய்வந்தார். "தம்பி, இன்னா மாயமோ தெர்ல, வெண்ணெ மாரி போவுது" என்றார். இரண்டு நாள் அந்த வளாகத்தில் ஒரு சைக்கிள், சைக்கிள் மாதிரியே ஓடியது.

மூன்றாம் நாள் ராஜாராம் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. துக்கம் விசாரிப்பவரின் குரலில் பேசினார்.

"அனுமதியில்லாம ஒரு சேஞ்ச் பண்ணியிருக்க, பரணி."

"சைக்கிள் இப்ப நல்லா ஓடுது, சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அனுமதியில்லாத சேஞ்ச்சுன்னா ரோல்பேக் பண்ணணும். பிராசஸ் உனக்குத் தெரியும். பழையபடி பண்ணிடு."

செய்ததைத் திரும்ப எடுத்து, எது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவதுதான் ரோல்பேக். கம்பெனியின் வேதத்தில் அது முக்கியமான மந்திரம். ராஜாராம் மென்மையாக மேலும் ஒரு தகவல் சொன்னார். மத்தியானம் ஹெச்.ஆர். அவனைப் பாலாறு அறைக்கு வரச் சொல்லியிருக்கிறது. புராஜெக்ட் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடும்.

பரணியின் பையில் பத்திரிகைக் கட்டு இருந்தது. தங்க எழுத்து.

அவன் பாதாளத்துக்கு இறங்கிப்போனான். சடையப்பன் சாப்பிடப் போயிருந்தார். திருகை அரைச் சுற்று எதிர்ப்பக்கம் திருப்பினான். செய்வன திருந்தச் செய் என்று படித்து வளர்ந்தவன் அல்லவா, அதோடு விட்டுவிடவில்லை. ஏறி ஓட்டிப் பார்த்தான். செயின் தாவியது. ஆனால் முன்பு தாவிய அளவுக்குத் தாவவில்லை. இறங்கி, இன்னும் இத்தனூண்டு திருப்பி, பழைய கோளாறை அச்சு அசலாகக் கொண்டுவந்தான். ஷபானா சோதித்து 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

பொங்கல் வந்தது. கம்பெனியில் எல்லோரும் வேட்டி கட்டினார்கள். புகை வந்தால் அலாரம் அடிக்குமென்பதால் பானையைக் கரண்ட் அடுப்பில் வைத்துப் பொங்கவைத்தார்கள். தமிழர் திருநாளாகையால் விருதுகளையும் தமிழிலேயே கொடுத்தார்கள். நெறிமுறை தவறாத ஊழியருக்கான கேடயம் பரணிதரனுக்குக் கிடைத்தது. நேர்மை, பணிவு, மனசாட்சி ஆகியவற்றைப் பற்றி ராஜாராம் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கேடயத்தை ஒரு கையிலும் கல்யாணப் பத்திரிகையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு பரணி வாசலுக்கு வந்தான். சுற்றிலும் யாரும் இல்லை. சடையப்பன் உட்கார்ந்தபடியே பத்திரிகையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். குடும்பத்தோடு வந்துவிடுவேன் என்றார். காலில் புதுக் கட்டு போட்டிருந்தது.

"ரெண்டு நாளு அவ்ளோ நல்லா ஓடிகினு இருந்துச்சி தம்பி. எவன் கை வெச்சான்னு தெர்ல. அது கெடக்கட்டும், நம்மூரு புள்ள பரிசு வாங்கிகீது, காட்டு பாப்பம்."

வேண்டாமென்று பரணி சொல்வதற்குள் கேடயம் அவர் கைக்குப் போய்விட்டது. நாள் முழுக்க அடையாள அட்டைகளைப் படிக்கிறவர். எழுத்துக்கூட்டி உரக்கவே படித்தார்.

"மிதிவண்டிப் பல்லிணையை முந்தைய நிலைக்கு மீட்டெடுத்த அரும்பணிக்காக, பரணிதரன் அவர்களுக்கு." நிமிர்ந்து கேட்டார். "பல்லிணைன்னா இன்னா தம்பி?"

வாசலில் ஒரு பஸ் போனது.

"கியர்" என்றான்.

சடையப்பன் மறுபடி முதலிலிருந்து படித்தார், இந்தமுறை சத்தமில்லாமல். கேடயத்தைச் சட்டையில் துடைத்து அவனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு தையல் காலை ஊன்றி எழுந்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"பேரத் தப்பில்லாம போட்டுக்கீறாங்க, சார்."